நரம்பும் வெறுமையும்

மயிலிட்டித் துறையில் ஒரு மாலைப்பொழுது. மேல்வகுப்பிற் பௌதிகம் கற்பிக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவர் வந்து, "ஐயா, நுண்ணிய தந்திகளின் அதிர்வே பொருள்களெல்லாம் என்னுங் கொள்கைபற்றி மாணவர் மன்றத்திற் பேசவேண்டும். அத்தந்திக்கு என்ன சொல் இடலாம்?" என்றார்.

இழை என்றும் சரம் என்றும் எழுதுவோர் உளர். இழை நூற்கப்படுவது, சரம் தொடுக்கப்படுவது, இரண்டும் ஒலித்தற்கு உரியவையல்ல. "நரம்பு" என்றேன். உடல் நரம்பன்றோ நினைவுக்கு வரும் என்று அவர் தயங்கினார்.

பழந்தமிழர் யாழின் தந்தியையும் நரம்பு என்றனர். அதிலெழும் சுரத்தையும் நரம்பு என்றே வழங்கினர். காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள், விஞ்ஞானமும் கற்றவராதலின், 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே சுரங்களின் அளவைக் கணிதத்தால் ஆராய்ந்தார். இக்காலப் பௌதிகருங் கூறுவது அதனோடு ஒத்ததே: நரம்பு ஒருவகையாய் அதிரின் ஒரு துகள், வேறுவகையாய் அதிரின் வேறொரு துகள். அவ்வதிர்வுகளுள் ஒன்று ஈர்ப்பிற்குரிய துகளின் இயல்புடையதென்று 1974இல் ஷெர்க், சுவார்ட்ஸ் என்போர் காட்டினர். கருவியும் ஒலியும் ஒரே சொல்லில் அடங்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்க, அதனை ஏன் கைவிடவேண்டும்?

ஆயின் ஒரு வேற்றுமை. யாழ் நரம்பைப் பிரித்தால் நாருண்டு. இந்நரம்போ பிறிதொன்றால் ஆக்கப்பட்டதன்று. அதற்கு இழுவிசையுண்டு, உட்பொருளில்லை. இக்கொள்கையை எப்பரிசோதனையும் இன்னும் மெய்ப்பிக்கவில்லை. மாணவரிடம் இதனை மறைத்தல் தகாது.

நிற்க. அவருடைய குறிப்பிலே "வெற்றிடம்" என்ற சொல்லுங் கண்டேன். மீட்டாத யாழ் மௌனமாயிருக்கும். இந்நரம்போ முற்றும் ஓய்வதில்லை. ஆற்றல் மிகத் தாழ்ந்து அடங்கிய நிலையிலும் சிறு நடுக்கம் எஞ்சும். அந்நிலையையே அவர்கள் வெற்றிடம் என்கின்றனர். அதுவும் ஒன்றன்று, 10இன் 500ஆம் அடுக்களவு இருக்கலாமென ஒரு மதிப்பீடு. அலகாபாத்திற் பணியாற்றிய அசோக் சென், நிலையற்ற ஒரு நிலை சரிந்து இன்னுந் தாழ்ந்த வெற்றிடத்தில் அடங்கலாம் என்றும், முனை திறந்த நரம்புகள் அங்கே இல்லாதொழிய, வளையமாய் மூடியவையே எஞ்சும் என்றும் 1998ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்துரைத்தார். அதன் முக்கியமான ஒரு பகுதியை 2005இல் ஷ்னாபல் கணிதவழி நிறுவினார்.

இதற்கு வெற்றிடம் என்று பெயரிடுதல் எனக்கு உடன்பாடன்று. 1990இல் இவ்வூரை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்தோம். 2017இல் துறைமுகமும் அயல்நிலத்தில் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டபோது, உடன்வந்த வெளியூரார் ஒருவர் பற்றைகளைப் பார்த்து, "வெறுங்காணி" என்றார். எங்கள் கண்ணுக்கோ கிணற்றுக்கட்டும், வேலியோரப் பனையும், அத்திவாரக் கல்லும் தோன்றின. அக்கல்லை வைத்தே அயலவர் ஒருவர் தம் எல்லையைக் கண்டுகொண்டார்.

"வெற்றிடம் வேண்டாம், அடங்குநிலை என்று எழுதும்" என்றேன்.

"எழுதலாம் ஐயா. பாடநூலில் வெற்றிடமென்றே இருக்கிறது. பிள்ளைகள் பரீட்சையில் அடங்குநிலை என்றெழுதினால் புள்ளி கிடைக்குமோ?"

பண்டிதனிடம் அதற்கு விடையில்லை. பேச்சில் அடங்குநிலை என்றும், கரும்பலகையில் வெற்றிடம் என்றும் வைத்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினேன்.