ஜீரோ வாட் பல்பும் பழைய எழுத்துருவும்

படுக்கையறைச் சுவரில் இரவெல்லாம் நீலமாகவோ சிவப்பாகவோ மினுங்கிக்கொண்டிருந்த ‘ஜீரோ வாட்’ பல்பு பலருக்கும் நினைவிருக்கும். பெயர்தான் ஜீரோ. அந்தக் குட்டி பல்பு 12 முதல் 15 வாட் வரை மின்சாரம் தின்னும். பழைய மீட்டர் அவ்வளவு சின்ன இழுப்பைக் கண்டுகொள்ளாது, அதனால் வந்த பெயர் என்பார்கள்.

ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் எம்1 சிப்போடு வெளியிட்ட மேக்புக் ஏர் லேப்டாப்பின் பேட்டரி ஏறத்தாழ 50 வாட்-மணி கொண்டது. இணையம் பார்த்தால் 15 மணி நேரம் வரை தாங்கும் என்றார்கள். ஐம்பதைப் பதினைந்தால் வகுங்கள்: மூன்றேகால் வாட்டுக்குக் கொஞ்சம் மேல். திரை, வைஃபை, சிப் எல்லாம் சேர்த்தே ஒரு ஜீரோ வாட் பல்பில் கால் பங்குதான். விளம்பரக் கணக்கில் தாராளமாகத் தள்ளுபடி செய்துகொண்டாலும் இது சாதாரண விஷயமில்லை. அந்த லேப்டாப்புக்குள் விசிறியே கிடையாது. சூடு ஏறினால்தானே விசிறி வேண்டும்?

விண்டோஸிலிருந்து மேக்குக்கு மாறலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய சிப்பும் தேவை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய லேப்டாப்புகள் பல இதில் தேறவில்லை. எப்படியும் புதிது வாங்க வேண்டும், வாங்குவதுதான் வாங்குகிறோம், அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாமே என்ற யோசனை வருவது இயல்பு.

ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் என் அண்ணன் மகளும் கேட்டாள். “சித்தப்பா, மேக் வாங்கிடலாமா?”

ஒரு வாரம் ஒரு துண்டுக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள், எந்தெந்த மென்பொருளைத் திறக்கிறாயோ எல்லாவற்றையும் எழுது, பிறகு பேசலாம் என்றேன். முகம் கோணியது. ஆனால் எழுதினாள்.

அந்தக் காகிதத்துக்குப் பிறகு வருவோம். பேட்டரி ஏன் அப்படித் தாங்குகிறது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வரை. அங்கே ஏகார்ன் என்றொரு சின்ன கம்ப்யூட்டர் நிறுவனம் இருந்தது. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் சேர்ந்து அங்கே ஒரு சிப்பை வடிவமைத்தார்கள். பீங்கான் உறையில் வைத்தால் செலவு கூடும், மலிவான பிளாஸ்டிக் உறை போதுமென்றால் சிப் சூடாகக் கூடாது, ஆகவே குறைந்த மின்சாரத்தில் ஓட வேண்டும். சிக்கனம்தான் அடிப்படைக் காரணம். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் வந்தது, ஓடியது. எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று ஃபர்பர் மீட்டரை வைத்துப் பார்த்தால், முள் அசையவே இல்லை. தேடிப் பார்த்ததில் சிப்புக்கான மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை! மற்ற கம்பிகள் வழியாகக் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் ஏஆர்எம் குடும்பத்தின் மூத்த பிள்ளை. இன்று உங்கள் கைப்பேசியிலும் அதே வம்சம்தான் இருக்கிறது. 2020-இல் ஆப்பிள் அந்த வம்சத்தைத் தன் கம்ப்யூட்டர்களுக்குள்ளும் கொண்டுவந்தது.

இன்டெல், ஏஎம்டி சிப்புகளின் பூர்வீகம் வேறு. 1978-இல் வந்த 8086 சிப்பின் கட்டளை மொழியைத்தான், மேலே மேலே சேர்த்துக்கொண்டு, அவை இன்றும் பேசுகின்றன. அந்த மொழியில் ஒரு கட்டளை ஒரே பைட்டில் முடியலாம், 15 பைட் வரையும் நீளலாம். பழைய ஓலைச்சுவடியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். புள்ளி இருக்காது, சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது. ஒரு சொல் எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியும். ஆப்பிள் சிப்பில் ஒவ்வொரு கட்டளையும் சரியாக நான்கு பைட், கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி. நாலாவது கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க முதல் மூன்றைப் படித்து முடிக்க வேண்டியதில்லை. எம்1 சிப்பின் பெரிய மையம் (கோர்) ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் எட்டுக் கட்டளைகளைப் பிரித்துப் படிக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவே முழுக் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தைவானின் டிஎஸ்எம்சி ஆலை 5 நானோமீட்டர் நுட்பத்தில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்களை அதில் அடைத்துக் கொடுத்தது. நான்கு பெரிய மையங்கள், நான்கு சின்ன மையங்கள். மெயில் பார்ப்பது போன்ற வேலைகளைச் சின்னவை பார்த்துக்கொள்ளும். கொத்தமல்லிக் கட்டு வாங்க யாரும் லாரி எடுத்துக்கொண்டு போவதில்லையே, சைக்கிள் போதும். மெமரியையும் சிப்போடு ஒரே பொதியில் வைத்துவிட்டார்கள், படம் வரையும் பகுதியும் கணக்குப் போடும் பகுதியும் அதே மெமரியைப் பகிர்ந்துகொள்கின்றன. தகவலை அங்கும் இங்கும் தூக்கிச் சுமக்கும் செலவு மிச்சம்.

அந்த மிச்சத்துக்கு ஒரு விலை உண்டு. மேக் லேப்டாப்பில் பிறகு மெமரி கூட்ட முடியாது, வாங்கும்போது என்னவோ அதுதான் கடைசி வரைக்கும். உள்ளே இருக்கும் சேமிப்பும் அப்படியே. ரிப்பேர் கடையில் மூடியைத் திறந்து இன்னொரு ‘ரேம்’ செருகிக்கொண்டு வருவதெல்லாம் இங்கே நடக்காது. பட்ஜெட்டில் கொஞ்சம் மீதமிருந்தால் அடுத்த மாடல் சிப்புக்குப் போகாமல் மெமரியில் போடுங்கள் என்பதே என் கட்சி.

இயந்திரம் நல்ல இயந்திரம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மாறுவதில் உள்ள சிக்கல் நம்முடைய பழைய கோப்புகளிலும் விரல்களிலும் இருக்கிறது.

விரல்களை முதலில் சொல்கிறேன். விண்டோஸில் சுண்டுவிரல் கன்ட்ரோல் விசையைத் தேடிப் போகும். மேக்கில் அந்த வேலையெல்லாம் இடைவெளிப் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் கமாண்ட் விசைக்கு, கட்டைவிரலுக்கு. ஒரு கோப்பைத் தொட்டு என்டர் தட்டினால் அது திறக்காது, பெயரை மாற்று என்று நிற்கும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சன்னல் மூடும், பெரும்பாலும் மென்பொருள் மூடாது. கோப்பை ‘கட்’ செய்யும் வழக்கம் இல்லை. காப்பி செய்துவிட்டு, ஒட்டும்போது ஆப்ஷன் விசையையும் சேர்த்து அழுத்தினால் இடம் மாறும். மாறிய முதல் பத்து நாள் நான் பெயர் மாற்றிவைத்த கோப்புகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்கப்புறம் கை பழகிவிட்டது.

தமிழ் தட்டச்சுக்குப் பயப்பட வேண்டாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் முடிவான தமிழ்99 விசைப்பலகையும், ஆங்கில ஒலியில் அடிப்பவர்களுக்கான அஞ்சல் விசைப்பலகையும் மேக்குக்குள்ளேயே இருக்கின்றன. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி போன்ற எழுத்துருக்களும் உண்டு. என்.எச்.எம். ரைட்டரில் பழகியவர்களுக்கு அந்த மென்பொருள் இங்கே கிடைக்காது, ஆனால் தமிழ்99 தெரிந்த கைக்கு அது தேவையும் இல்லை.

யூனிகோடுக்கு முந்தைய தமிழ்தான் தொல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த ‘அம்மா’வை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச் என்று நிற்கும். அம்மாவையே அடையாளம் தெரியாது. எழுத்துருவை மேக்கிலும் நிறுவிக்கொள்ளலாம், யூனிகோடாக மாற்றிக்கொள்ளவும் கருவிகள் உண்டு, அது வரைக்கும் சரி. ஆனால் அச்சகங்களில் குவிந்து கிடக்கும் பேஜ்மேக்கர் கோப்புகளை என்ன செய்வது? எனக்குத் தெரிந்த அச்சகக்காரர் ஒருவரிடம் இருபது ஆண்டுக் கல்யாணப் பத்திரிகைகள் அதில்தான் இருக்கின்றன. மூத்த பிள்ளைக்கு அடித்ததை எடுத்துப் பெயரை மாற்றினால் இளைய பிள்ளைக்குப் பத்திரிகை தயார். அதுதான் அவருடைய முதல். வேடிக்கை என்னவென்றால், பேஜ்மேக்கர் பிறந்த வீடே மேக்தான், 1985-இல். 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது. மேக்கின் புது இயங்குதளத்துக்கு அதை மாற்றி எழுதவே இல்லை. புகுந்த வீடான விண்டோஸில்தான் நம் அச்சகங்கள் அதை உயிரோடு வைத்திருக்கின்றன. இன்டிசைன் மென்பொருளும் 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பு வரைதான் அந்தக் கோப்புகளைத் திறந்தது. மாற வேண்டாம் அண்ணே என்று அவரிடம் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

எக்செல் கதையும் இப்படித்தான் தொடங்கியது. அதுவும் 1985-இல் முதலில் மேக்குக்கு வந்து, இரண்டு ஆண்டு கழித்தே விண்டோஸுக்குப் போனது. இன்று மேக்கிலும் எக்செல் நன்றாக ஓடுகிறது, பவர் பிவட் போன்ற சில வசதிகள் மட்டும் இல்லை. தரவுத்தள மென்பொருளான ஆக்சஸ் மேக்கில் கிடையாது. கட்டட வரைபடக்காரர்களின் ரெவிட், இயந்திர வடிவமைப்பாளர்களின் சாலிட்வொர்க்ஸ் இரண்டுமே விண்டோஸ் சரக்கு. பேரலல்ஸ் மாதிரி மென்பொருளை வாங்கி மேக்குக்குள் விண்டோஸை ஓட்டலாம்தான். ஆனால் அது ஏஆர்எம் சிப்புக்கான விண்டோஸ், எல்லா மென்பொருளும் அதில் ஒழுங்காக நடக்கும் என்று கையடித்துச் சொல்ல முடியாது. தினம் எட்டு மணி நேரம் அதற்குள்தான் வேலை என்றால் மேக் எதற்கு?

பேட்டரி மட்டும்தான் ஆசை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2024-லிருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகள் வருகின்றன, அதுவும் கேம்பிரிட்ஜ் வம்சமே. இன்டெல்லும் அதே ஆண்டு மெமரியைச் சிப்போடு ஒரே பொதியில் வைத்துக் காட்டியது. 2020-இல் இருந்த அந்தப் பெரிய இடைவெளி இப்போது இல்லை.

அண்ணன் மகள் காகிதத்தை நீட்டினாள். குரோம், வாட்ஸ்அப், எக்செல், பிடிஎஃப், ஜூம், அப்புறம் டேலி. டேலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. அங்கேயே விரலை வைத்தேன்.

“அது ஆஃபீஸ் சிஸ்டத்துலதான் சித்தப்பா. வீட்டுக்கு எடுத்துட்டு வர விட மாட்டாங்க.”

அப்படியானால் கதை வேறு. எக்செலில் என்னென்ன செய்கிறாள் என்று கேட்டேன். பிவட் டேபிள், விலுக்கப், நாலைந்து மேக்ரோ. அந்த மேக்ரோக்களை மட்டும் யாராவது தோழியின் மேக்கில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடு என்றேன். இரண்டு நாள் கழித்து ஓடுகிறது என்று சேதி வந்தது. கூடவே ஒரு கேள்வி: வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிற போட்டோவெல்லாம் மேக்கில் திறக்குமா?

திறக்கும், ஆனால் அந்த டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் மேக் அதைப் படிக்கும், தனி மென்பொருள் போடாமல் எதையும் எழுதாது. இரண்டுக்கும் பொதுவாக எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்ற வேண்டும், மாற்றினால் உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்துவிடும். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் உட்கார்ந்து, அவருடைய கல்யாண வீடியோ உட்பட எல்லாவற்றையும் முதலில் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றப் போகிறோம்.