முதல் பிரசவம் சிசேரியனா? ஏழாவது வாரத்தில் ஒரு ஸ்கேன்

முதல் குழந்தை சிசேரியனில் பிறந்து, இப்போது மறுபடி நாள் தள்ளிப்போயிருக்கிறதா? ‘அஞ்சாம் மாசம் ஸ்கேன் பார்த்துக்கலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். ஆறு, ஏழு வாரத்திலேயே கரு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அரிதாகச் சிலருக்குக் கரு, முன்பு கர்ப்பப்பையை அறுத்துத் தைத்த தழும்பிலேயே ஒட்டிக்கொள்ளும். இந்தத் தழும்புக் கர்ப்பம் 1978-இல்தான் முதன்முதலில் மருத்துவ இதழில் பதிவானது. ஏறக்குறைய 2,000 கர்ப்பங்களில் ஒன்று என்பது பொதுக் கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். ஆகவே இது நம் கவலையும்தான்.

ஆபத்து ரத்தக்குழாய்களில் இருக்கிறது. வழக்கமான இடத்தில் ஒட்டிய கரு வெளியேறியதும் கர்ப்பப்பைத் தசை சுருங்கி, திறந்த குழாய்களை இறுக்கி ரத்தத்தை நிறுத்தும். தழும்பில் சுருங்குவதற்குப் போதிய தசை இல்லை. குழாய்களோ அங்கே பெருத்துக் கிடக்கும். ஸ்கேன் பார்க்காமல் கலைப்பு மாத்திரை போட்டாலோ, கழுவி எடுத்தாலோ உதிரம் கொட்டிவிடக்கூடும். கர்ப்பத்தை அப்படியே வளரவிட்டால் தழும்பு கிழியலாம். நஞ்சுக்கொடி சிறுநீர்ப்பை வரைகூட ஊடுருவலாம்.

சிகிச்சைக்குப் பிறகும் கவனம் தேவை. சிலருக்குத் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துகொள்ளும். சிலருக்குத் தமனிச் சுவர் கிழிந்து பக்கத்தில் ரத்தப் புடைப்பு உண்டாகும். வாரங்கள் கழித்துத் திடீரென உதிரப்போக்கு வந்தால், மறுபடி கழுவுவதற்கு முன் டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும். தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, ரத்தம் கசியும் குழாயை அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. பலருக்குக் கர்ப்பப்பையை அகற்றாமலே காப்பாற்ற முடிகிறது.

அந்த வசதி பெரிய மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். சேத்தூர் போன்ற ஊரிலிருந்து ராஜபாளையம் பக்கத்தில்தான்; பெரிய மருத்துவமனைகள் உள்ள மதுரையோ தூரம். உதிரம் கொட்டத் தொடங்கியபின் அந்தத் தூரம் உயிருக்கு உலை வைக்கும். ஏழாவது வாரத்தில் தெரிந்துகொண்டால் பகலில், நிதானமாக, ரத்தம் ஏற்பாடு செய்துகொண்டு போகலாம்.

சிலருக்கு வலியோ உதிரமோ எதுவுமே இருக்காது. அதனால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். கர்ப்பத்தைப் பதியும்போதே கிராம சுகாதாரச் செவிலியரிடம் முந்தைய ஆபரேஷனைச் சொல்லுங்கள். ஸ்கேன் அறையில், “கரு பழைய தழும்புக்குத் தள்ளித்தானே இருக்கு, டாக்டர்?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். உதிரம் அதிகமானாலோ மயக்கம் வந்தாலோ, உடனே 108-ஐ அழையுங்கள்.