கேக் அடிக்கிற நேரம்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் கேக்கை யாரும் சுடுவதில்லை, அடிப்பார்கள். "பெரிய வெள்ளி முடியட்டும், சனிக்கிழமை சொக்லேட் கேக் அடிப்பம்" என்று லண்டன் ஈஸ்ட்ஹாமில் அம்மா சொல்லும்போது அதில் இயற்பியல் இருப்பது எனக்கு அண்மையில்தான் விளங்கியது. கேக்கின் விதி ஓவனுக்குள் போகுமுன்பே, கிண்ணத்தில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது சீனிப் பரல்களின் கூர்முனைகள் பட்டருக்குள் காற்றை இழுத்துக்கொண்டு புகுகின்றன. கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற குமிழிகள். மகள் கை ஓய்ந்து நிறுத்தினால், "இன்னும் வெளுக்கேல்லை, நிப்பாட்டாதை பிள்ளை" என்பார் அம்மா. கடல் நுரை வெள்ளையாகத் தெரிவதற்கும் பட்டர் வெளுப்பதற்கும் காரணம் ஒன்றுதான்: குமிழிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. வெளுப்பைப் பார்ப்பது குமிழிகளை எண்ணுவதற்குச் சமம்.

பட்டர் காற்றைப் பிடித்துவைக்க அது பாதி இறுகி, பாதி இளகி இருக்கவேண்டும். 18 முதல் 21 பாகை செல்சியஸ் வரை நல்ல பதம். யாழ்ப்பாணத்து ஏப்ரல் வெயிலில் அது எண்ணெயாய் ஓடும். இங்கே அதே ஏப்ரலில் பிரிட்ஜிலிருந்து எடுத்த பட்டர் செங்கல். அங்கே குளிர்ந்த தண்ணீரில் வைத்த கிண்ணத்தை அம்மா இங்கே வெந்நீரில் வைக்கிறார்.

அப்படியானால் அப்பச்சோடா எதற்கு? அதுதான் குமிழிகளை உண்டாக்குகிறது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. பலூனை ஊதும்போது முதல் மூச்சுத்தான் கடினம், பிறகு இலகு. குமிழி சிறிதாக இருக்க இருக்க, அதை விரிக்க வேண்டிய அழுத்தமும் கூடும். ஒன்றுமில்லாத இடத்தில் புதுக்குமிழி தொடங்குவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகவே சோடா விடும் கரியமில வாயு, நாம் அடித்து வைத்த குமிழிகளுக்குள்ளேயே புகுந்து அவற்றை ஊதுகிறது. ஒரு தேக்கரண்டி சோடா, ஏறத்தாழ 5 கிராம், அமிலத்தோடு முழுதாக வினைபுரிந்தால் சுமார் 1.4 லிட்டர் வாயு வரும். அடிக்காத கலவையில் அவ்வளவும் ஒருசில பெருங்குமிழிகளில் சேர்ந்து மேலே வந்து உடையும். அடித்த காற்றும் சும்மா இருப்பதில்லை. 20 பாகையிலிருந்து 95க்குச் சூடேறினால் கால் பங்கு விரியும்.

சோடாவுக்கு அமிலத் துணை வேண்டும் என்பதில்தான் போன வருடம் நான் மாட்டிக்கொண்டேன். கறுகறுவென்று அழகாக இருக்கிறதே என்று புதுக் கொக்கோ வாங்கினேன். கேக் தட்டையாக வந்தது. வாயில் சவர்க்கார வாடை. இயல்பான கொக்கோ சற்று அமிலத்தன்மை உள்ளது. ஆம்ஸ்டர்டாமின் வான் ஹூட்டன் குடும்பம் 1828இல் கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழியும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. பின்பு காரம் சேர்த்து அதன் புளிப்பை மழுங்கடிக்கும் வழக்கமும் அவர்களிடமிருந்தே வந்தது. நிறம் கறுக்கும், ருசி மென்மையாகும், ஆனால் அமிலம் போய்விடும். துணையில்லாத சோடா சூட்டில் மட்டும் பிரிந்து, சவர்க்காரச் சுவையுள்ள சோடியம் கார்பனேட்டை விட்டுவைக்கும். அந்தக் கொக்கோவுக்கு பேக்கிங் பவுடர்தான் சரி. அதில் உலர்ந்த அமிலம் கூடவே இருக்கிறது. 1843இல் பர்மிங்ஹாம் மருந்துக்கடைக்காரர் அல்பிரட் பேர்ட் அதைச் செய்தது, முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக.

முட்டை எங்கள் வீட்டுக்கு ஒத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் ஒருகாலத்தில் தவக்காலம் முழுதும் முட்டை விலக்கு. கோழிகளோ வசந்தத்தில் கூடுதலாக இடும். உயிர்த்த ஞாயிறன்று முட்டை குவிந்துகிடந்ததில் வியப்பில்லை. பிரிஸ்டலின் பிரை நிறுவனம் 1873இல் அதைச் சொக்லேட்டிலேயே வார்த்தது.

கேக்கில் முட்டையின் வேலை கொத்தனாரின் வேலை. சூட்டில் அதன் புரதம் இறுகும், மாவின் மாச்சத்து நீரை உறிஞ்சித் தடிக்கும். குமிழிச் சுவர் நிலைத்துவிடும். அதற்குமுன் கதவைத் திறந்தால் வாயு குளிர்ந்து சுருங்க, ஈரச் சுவர் நடுவில் உட்காரும். வெள்ளைக் கேக் என்றால் பொன்னிறம் பார்த்து வெந்ததை அறியலாம். சொக்லேட் கேக்கில் அந்த அடையாளம் கறுப்புக்குள் மறைந்துவிடும். ஊரில் தென்னை ஈர்க்குக் குத்திப் பார்ப்பார்கள். ஈஸ்ட்ஹாமில் ஈர்க்குக்கு எங்கே போவது? அம்மா வீட்டுத் தும்புத்தடியைப் பார்த்தார். மகள் அவசரமாக மூங்கில் குச்சியை நீட்டினாள்.