மேஜை மேல் வைத்த காகிதம்

"ஏன் தம்பி, டில்லியிலே போய் உட்கார்ந்துக்கிட்டு இவுக தினமும் என்னதான் செய்றாக?"

ஆனைக்குட்டத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஓர் அம்மாள் என்னிடம் கேட்ட கேள்வி இது. எதிரே டீக்கடை டெலிவிஷனில் லோக் சபைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கும்பல் கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு சபையின் நடுவே நின்று கோஷம் போட்டது. சபாநாயகர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவ்வளவுதான், சபை ஒத்திவைக்கப்பட்டது.

கேட்ட அம்மாள் 'ஆபீஸ்' விட்டு வருகிறவர். ஆபீஸ் என்றதும் மின்விசிறியும் நாற்காலியும் நினைவுக்கு வருகிறதல்லவா? சிவகாசிப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. தீப்பெட்டி செய்யும் இடம் தீப்பெட்டி ஆபீஸ். பட்டாசு செய்யும் இடம் பயர் ஆபீஸ். அம்மாளின் நகக் கண்களில் அலுமினியப் பொடி வெள்ளி வெள்ளியாக ஒட்டியிருந்தது.

கல்லூரியில் அரசியல் சாஸ்திரம் படித்தவன் நான். பார்லிமெண்டுக்கு எத்தனை சபைகள், எத்தனை அங்கத்தினர்கள் என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் "தினமும் என்ன செய்கிறார்கள், அதில் எனக்கு என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. கோஷம் இல்லாத ஒரு சாதாரண நாளில் அங்கே நடப்பதைச் சொன்னால் போதும் என்று தோன்றியது. பஸ் வரத் தாமதமானதால் அவருக்குச் சொன்னேன். வாசகிகளுக்கு இப்போது சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், டில்லி ஒன்றும் ஆனைக்குட்டத்துக்கு அந்நியமில்லை. 1952ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து லோக் சபைக்குப் போனவர் விருதுநகர்க் காமராஜ். 1954ல் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானதும் டில்லி ஸ்தானத்தை விட்டு வந்தார். பின்னால் இந்த வட்டாரம் சிவகாசித் தொகுதியாயிற்று. 2009 தேர்தலிலிருந்து விருதுநகர்த் தொகுதி. 2024ல் மாணிக்கம் தாகூர் இங்கே ஜயித்தது 4,379 வாக்கு வித்தியாசத்தில். இரண்டு மூன்று பெரிய ஆலைகளில் ஒரு நாள் வேலைக்கு வருகிறவர்கள் மனசு மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும்!

இன்னொரு உறவும் உண்டு. அர்ச்சுனா நதியின் குறுக்கே உள்ள அணைக்காக ஆனைக்குட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பட்டாசுக்கான மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் இதே ஊரில்தான். வெடியின் சத்தத்தையும் அதில் உள்ள மருந்தையும் சோதிக்கிற இடம். நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு இலாகாவின் கிளை அது. அந்த இலாகாவுக்கு மேலே வர்த்தக, தொழில் மந்திரி. அவருக்கு மேலே பார்லிமெண்டு. அந்த அம்மாளின் வீட்டுக்கும் பார்லிமெண்டுக்கும் நடுவே இவ்வளவு நேரான படிக்கட்டு இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

சரி, மணி பதினொன்று. லோக் சபை கூடுகிறது. காலமான பழைய அங்கத்தினர் யாராவது இருந்தால் எழுந்து நின்று மௌன அஞ்சலி. பிறகு கேள்வி நேரம்.

நம் வீடுகளில் "சம்பளப் பணம் எங்கே போயிற்று?" என்று கேட்பதற்கு முன்னறிவிப்பு எதுவும் தேவையில்லை. பார்லிமெண்டில் பதினைந்து முழு நாட்களுக்கு முன்பே கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் கேட்பதால் குலுக்கல் போடுகிறார்கள். ஒரு நாளைக்கு இருபது கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி கிடைக்கும். அவற்றுக்கு மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். நட்சத்திரம் கிடைக்காத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். அந்த இருபதிலும் ஐந்தாறு முடிவதற்குள் மணி பன்னிரண்டு ஆகிவிடுவதுதான் வழக்கம். ஏனென்றால் சுவாரஸ்யமெல்லாம் உபகேள்வியில் இருக்கிறது. எழுதிக் கொடுத்த கேள்விக்கு அதிகாரிகள் பதில் தயாரித்துத் தந்துவிடுவார்கள். உபகேள்வி எந்தப் பக்கத்திலிருந்து பாயும் என்று யாருக்கும் தெரியாது. விஷயம் தெரிந்த மந்திரியையும் காகிதத்தைப் பார்த்து வாசிக்கும் மந்திரியையும் அந்த ஒரு நிமிஷத்தில் பிரித்துப் பார்த்துவிடலாம்.

"அப்போ எங்க ஷெட்டைப் பத்திக் கேட்கலாமே?" என்றார் அம்மாள்.

கேட்கலாம். ஆனால் யாரைக் கேட்பது? இங்கேதான் முடிச்சு. வெடிபொருள் லைசென்ஸ் வர்த்தக, தொழில் மந்திரியைச் சேர்ந்தது. வேலை செய்கிறவரின் இன்ஷூரன்ஸும் குழந்தைத் தொழிலாளர் விஷயமும் தொழிலாளர் மந்திரி பொறுப்பு. புகையும் சத்தமும் சுற்றுச்சூழல் மந்திரியிடம். ஒவ்வொரு மந்திரிக்கும் வாரத்தில் ஒரு நாள் முறை. இவருடைய நாளில் அவருடைய விஷயத்தைக் கேட்க முடியாது. தொழிற்சாலையைச் சோதனை போடும் இன்ஸ்பெக்டரோ ராஜ்ய சர்க்காரின் உத்தியோகஸ்தர். அதைக் கேட்டால், "அது ராஜ்ய சர்க்கார் சமாசாரம்" என்று கேள்வி வாசலோடு திரும்பிவிடும். பயர் ஆபீஸில் ஒரே அறைதான் வெடிக்கிறது. டில்லியில் அது நாலு மேஜைக்குப் பங்காகிப் போகிறது.

அப்படி ஒரு நாளைச் சொல்கிறேன். 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை மத்தியான வேளையில் வெடித்தது. பல உயிர்கள் போயின. டில்லியில் அப்போது பட்ஜெட் கூட்டத் தொடர். கொரோனா காலமாதலால் ராஜ்ய சபை காலையிலும் லோக் சபை மாலையிலுமாகக் கூடின. அன்றைக்கு ராஜ்ய சபையில் பட்ஜெட் விவாதத்துக்குப் பதில் சொன்னவர் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன், மதுரையில் பிறந்தவர். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிரதம மந்திரியின் நிதியிலிருந்து இறந்தவர் குடும்பத்துக்கு இரண்டு லட்சமும் ராஜ்ய சர்க்காரிடமிருந்து மூன்று லட்சமும் உடனே அறிவிக்கப்பட்டன. ஆறுதலும் பணமும் அன்றே வந்துவிடும். "ஏன்?" என்பதற்குத்தான் பதினைந்து நாள் முன்னறிவிப்பு.

மணி பன்னிரண்டு. இனி வருவது 'பூஜ்ய நேரம்'. சட்டப் புத்தகத்தில் இந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. 1960களில் நம்மவர்களே கண்டுபிடித்துப் பழக்கத்தில் கொண்டுவந்தது. முன்னறிவிப்புக்குக் காத்திராத அவசர விஷயங்களைச் சில நிமிஷங்களில் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். தமிழிலும் பேசலாம், மற்றவர்கள் காதுக் கருவியில் மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொள்வார்கள். டெலிவிஷனில் நீங்கள் பார்க்கும் ஆவேசமெல்லாம் அநேகமாக இந்த நேரத்தில்தான்.

ஆனால் பூஜ்ய நேரத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் ஒன்று நடக்கிறது. டெலிவிஷன்காரர்கள் விளம்பரத்துக்குப் போய்விடும் நேரம். காலரியில் இருப்பவர்கள் கொட்டாவி விடும் நேரம். சபாநாயகர் பெயர் சொல்லி அழைக்க, மந்திரிகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, "இந்தக் காகிதத்தைச் சபையின் மேஜை மேல் வைக்கிறேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லி உட்காருகிறார்கள். அவ்வளவுதான். கைதட்டலும் இல்லை, கூச்சலும் இல்லை.

ஆனைக்குட்டத்துக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது இந்த ஐந்து நிமிஷந்தான் என்பது என் அபிப்பிராயம்.

காரணம் கேளுங்கள். வெடிபொருள் சட்டம் 1884ல் பிறந்தது. ரிப்பன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலம். அதில் அந்த அம்மாளின் ஷெட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் எத்தனை மீட்டர் இடைவெளி வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ் 2008ல் சர்க்கார் வகுத்த விதிகளிலும் லைசென்ஸ் நிபந்தனைகளிலும் இருக்கின்றன. வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரக்கூடாது என்று நம் தீபாவளி வெடிக்குக் கட்டுப்பாடு போட்டதும் இப்படி ஒரு விதிதான்; 1999ல் வந்தது. சட்டத்தைப் பார்லிமெண்டு செய்கிறது; விதியை அதிகாரிகள் எழுதுகிறார்கள். எழுதிய விதியை இரண்டு சபைகளின் மேஜை மீதும் முப்பது நாள் வைக்க வேண்டும். அதற்குள் எந்த அங்கத்தினரும் எழுந்து, "இதை மாற்று" என்றோ, "இது வேண்டாம்" என்றோ பிரேரணை கொண்டுவரலாம். இரண்டு சபைகளும் ஒப்புக்கொண்டால் விதி மாறித்தான் ஆக வேண்டும். இவற்றைச் சரிபார்க்க ஒரு கமிட்டிகூட இருக்கிறது.

மேஜை மேல் வைத்த காகிதத்தை எடுத்துப் படிக்கிறவர் எத்தனை பேர்? கல்யாண வீட்டில் மொய் எழுதும் நோட்டைப் போல, வைத்தவருக்கும் வாங்கியவருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதியாகிவிடுகிறது. சபையின் நடுவே இறங்கிக் கோஷம் போடும் தொண்டையில் கால் பங்கு, இந்தக் காகிதங்களைப் புரட்டும் கைக்கு இருக்கலாகாதா?

பிற்பகலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாடு. இரண்டுக்கு மேல் மசோதாக்கள். 'ஆம்' என்போர் ஒரு குரல், 'இல்லை' என்போர் ஒரு குரல். எந்தக் குரல் பெரிது என்று சபாநாயகர் காதால் தீர்மானிப்பார். ஒருவர் ஆட்சேபித்தால் மணி மூன்றரை நிமிஷம் அடிக்கும். எங்கிருந்தாலும் ஓடிவந்து ஓட்டுப் போட வேண்டும். சபை நடக்கக் குறைந்தது 55 பேர் வேண்டும். மாலை நான்கு மணிக்கு அந்த 55 தலைகளை எண்ணிச் சேர்ப்பது சில நாட்களில் பெரும்பாடு! வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டரை மணி நேரம் மந்திரிகள் அல்லாத அங்கத்தினர்களின் சொந்த மசோதாக்களுக்கு. இதுவரை அப்படிச் சட்டமானவை பதினான்கே. கடைசி மசோதா நிறைவேறியது 1970ல்.

பெண்கள் சம்பந்தப்பட்ட பிற்பகல் ஒன்று உண்டு. 2017 மார்ச் 9 அன்று லோக் சபை பிரசவ விடுமுறையை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. நல்ல சட்டம். ஆனால் ரிஜிஸ்தரில் பெயர் இருந்தால்தானே விடுமுறை? வீட்டுத் திண்ணையில் குழாய் உருட்டிக் கொடுத்துக் கூலி வாங்கும் பெண்ணுக்கு எந்த ரிஜிஸ்தர்? 2024ல் ஜயித்து வந்த 543 பேரில் பெண்கள் 74. இதை உபகேள்வியாகக் கேட்க அவர்களில் ஒருவர் எழுந்தாலும் போதும்.

பட்ஜெட் மாதங்களில் இன்னொரு வேடிக்கை. ஒவ்வொரு மந்திரி இலாகாவின் செலவையும் விவாதித்து அனுமதிக்க வேண்டும். சிலவற்றை விவாதிப்பதற்குள் நாள் முடிந்துவிடும். கடைசி நாளன்று குறித்த நேரம் வந்ததும் மீதி இலாகாக்களின் செலவையெல்லாம் விவாதமில்லாமல் ஒரே மூச்சில் நிறைவேற்றிவிடுவார்கள். இதற்கு 'கில்லட்டின்' என்று பெயர். தலை வெட்டும் இயந்திரம். ஆனைக்குட்டத்து ஆராய்ச்சி நிலையத்துக்கு வரும் ரூபாயும் இப்படி ஓர் இலாகாச் செலவுக்குள்தான் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குச் சபை கலைகிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள், "நாம நேரா எழுதிப் போட முடியாதா?" என்றார்.

முடியும் என்றேன். லோக் சபைக்கு யாரும் மனுப் போடலாம். அதை விசாரிக்கத் தனிக் கமிட்டி இருக்கிறது. தமிழில் எழுதினால் கூடவே இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ மொழிபெயர்ப்பு வேண்டும். சபையில் சமர்ப்பிக்க ஓர் அங்கத்தினர் கையெழுத்தும் வேண்டும்.

அவர் சற்று யோசித்தார். தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"அப்போ இப்படி எழுதுங்க தம்பி. ஷெட்டுச் சுவத்திலே இத்தனை பேர்தான் இருக்கணும்னு பெயிண்டுலே எழுதியிருக்கு. தீபாவளி நெருங்கினா அந்த நம்பரை யாரும் பார்க்கிறதில்லே. அந்த மாசத்திலே ஒரு நாள், சொல்லாம கொள்ளாம, யாராச்சும் வந்து தலையை எண்ணச் சொல்லுங்க."