மண்ணும் சோறும் – 17: சீசாவில் அடைத்த வயல்

ஜெர்மன் வேதியியலாளர் லீபிக்குக்கும் ராதம்ஸ்டெட் பண்ணைக்காரர் லாஸுக்கும் தழைச்சத்தின் பேரில் நடந்த வழக்கில் போன வாரம் நிறுத்தினோம். பயிருக்கு வேண்டியதைக் காற்றே கொடுத்துவிடும் என்றார் லீபிக்; மண்ணில் இட்டால்தான் கோதுமை விளையும் என்று வயலிலேயே காட்டினார் ஜான் பென்னட் லாஸ். மற்றதைப் பழைய இதழில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் பயறுகளின் வேர் முடிச்சுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், என் மனமோ மூன்று நாளாகச் சீசாக்களை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

லண்டனுக்கு வடக்கே, ஹார்ப்பெண்டன் ஊரில் இருக்கிறது ராதம்ஸ்டெட் பண்ணை. லாஸும் வேதியியலாளர் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டும் 1843-இல் அங்கே பிராட்பாக் என்ற வயலில் கோதுமை விதைத்தார்கள். ஒரு பாத்திக்கு எதுவுமே கிடையாது. ஒன்றுக்கு வருடா வருடம் ஏக்கருக்குச் சுமார் 14 டன் தொழு உரம். மற்றவற்றுக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் விதவிதமான சேர்க்கையில். அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. எதுவும் போடாத பாத்தி ஏக்கருக்கு 400 கிலோ அளவில் இன்னமும் விளைகிறது. தொழு உரப் பாத்தியும் முழு ரசாயன உரப் பாத்தியும் நூறு ஆண்டுக்கு மேல் ஏறத்தாழ ஒரே மகசூல் கொடுத்தன. ஆனால் தொழு உரம் தின்ற மண்ணில் கரிமச்சத்து, வெறும் பாத்தியில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

சீசாவுக்கு வருகிறேன். அறுவடைதோறும் கொஞ்சம் மணி, கொஞ்சம் வைக்கோல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண். காயவைத்து, கண்ணாடிச் சீசாவில் போட்டு, தக்கை அடைத்து, மெழுகு பூசி, ஆண்டையும் பாத்தியையும் எழுதி வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கையில் கிடைத்த தகர டின்களில் போட்டார்கள், நிறுத்தவில்லை. இன்று அங்கே சுமார் 3 லட்சம் மாதிரிகள் இருக்கின்றன. முதல் சீசாவை அடைத்தவர்களுக்கு அணுகுண்டும் தெரியாது, டி.என்.ஏ.வும் தெரியாது. அந்தக் கிடங்கின் காய்ந்த புல்லில்தான் அணுகுண்டுச் சோதனைகள் உதிர்த்த புளூட்டோனியத்தைப் பின்னாளில் அளந்தார்கள். கோதுமையைத் தாக்கிய பூஞ்சைகளின் டி.என்.ஏ.வையும் அந்தப் பழைய மாதிரிகளிலிருந்தே எடுத்தார்கள்.

என்னைப் பிடித்து உலுக்கியது துத்தநாகம். 1845 தொட்டுச் சேர்ந்திருந்த கோதுமை மணிகளை அளந்து 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. துத்தநாகம், இரும்பு, செம்பு, மெக்னீசியம் நான்கும் 1960-களின் நடுப்பகுதிவரை பெரிதாக மாறவில்லை. அதன் பிறகு இறக்கம். ‘மண் செத்துப்போச்சு, அப்புறம் சோத்துல சத்து எங்கேருந்து வரும்?’ என்று விவசாயிகள் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், நானும் அப்படியே நம்பியிருந்தேன். ஆனால் அதே பாத்திகளின் மண்ணும் சீசாவில் இருந்ததே! அதையும் அளந்தார்கள். மண்ணில் அந்தச் சத்துகள் குறையவில்லை. சில கூடியும் இருந்தன. மணியில் இறக்கம் தொடங்கிய காலம், அதிக விளைச்சல் தரும் குட்டை ரகங்கள் வந்த காலம். விளைச்சல் பெருகும்போது அதே சத்து நிறைய மணிகளுக்குப் பங்காகிறது. அது ஒரு பகுதிக் காரணம்தான், ரகத்துக்கும் பங்குண்டு. அந்த வயலில் குற்றவாளி மண் இல்லை. மண் சீசா மட்டும் இல்லாதிருந்தால் பழி மண் தலையில்தான் விழுந்திருக்கும். துத்தநாகப் பற்றாக்குறை பரவிக் கிடக்கும் நம் நெல் வயல்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1919-இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற இளைஞரைக் கணக்குப் பார்க்க ராதம்ஸ்டெட் வேலைக்கு எடுத்தது. பிராட்பாக்கின் மகசூலில், மழையாலும் உரத்தாலும் விளங்காத மெதுவான மாற்றங்கள் அவர் கண்ணில் பட்டன. களைதான் காரணம் என்று அவர் கருதினார். களை ஏன் கூடியது? அதைப் பிடுங்கிக்கொண்டிருந்த சிறுவர்களை 1876, 1880-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டங்கள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டன! எங்கள் ஆச்சி களையெடுக்கப் போகும்போதெல்லாம் “ஏலே, நீயும் வாயேன்” என்று என்னைக் கூப்பிடுவாள். “அவன் பள்ளிக்கூடம் போகட்டும் அத்தை” என்பாள் அம்மா. மகசூல் குறைந்த கணக்கு ஒன்றைப் படித்து நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ராதம்ஸ்டெட்டைப் பார்த்து 1909-இல் கோயம்புத்தூரிலும் ஒரு நிரந்தர உரச் சோதனையைத் தொடங்கினார்கள். நூறாண்டு தாண்டியும் அது நடக்கிறது. அதையும் வேர் முடிச்சையும் அடுத்த வாரம் சேர்த்தே பார்ப்போம்.

அதற்குள் உங்களுக்கு ஒரு வேலை. கோடை உழவுக்கு முன் வயலில் பத்துப் பதினைந்து இடங்களில், வரப்பையும் எருக்குழியையும் விட்டுத் தள்ளி, ‘வி’ போல வெட்டி 15 சென்டிமீட்டர் ஆழம்வரை மண் எடுங்கள். ஒன்றாகக் கலந்து நிழலில் உலர்த்துங்கள். அரைக் கிலோவை மண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இன்னொரு அரைக் கிலோவைக் காய்ந்த சீசாவில் போட்டு இறுக மூடி, தேதி, சர்வே எண், போன போகத்துப் பயிர், போட்ட எரு எல்லாவற்றையும் எழுதி ஒட்டிப் பரணில் வையுங்கள். அது என்ன சீசா என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.