மதுவை விடுதல்: பூட்டிய அறையில் செய்யும் வைத்தியம்

மது ஹராம் என்பதில் நம்மிடையே இரண்டு கருத்துக் கிடையாது. ஆனால் அதற்கு அடிமையாகிப்போன ஒருவர் எப்படி மீள்வது என்பதைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. காரணம் எளியது. "விடப்போறன்" என்று சொல்ல வேண்டுமானால், முதலில் "குடிக்கிறன்" என்று சொல்ல வேண்டும்.

கல்லடியில் பல வருடங்கள் வேலை பார்த்தவன் நான். அங்குள்ள தமிழ்ச் சகோதரர் வீடுகளிலும் குடியால் வந்த துயரத்தைக் கண்டிருக்கிறேன். ஆனாலும் அந்த வீட்டுப் பெண்கள் அயலில் சொல்லி அழுவார்கள். கோயிலில் நேர்த்தி வைப்பார்கள். வைத்தியசாலைக்கும் கூட்டிப் போவார்கள். எங்கட வீடுகளில் கதவுதான் பூட்டப்படுகிறது. "மானம் போயிரும், ஒருத்தருக்கும் செல்லாதீங்க" என்று காக்காமார் கூடி, ஆளை அறைக்குள் அடைத்து, ஒரு சொட்டும் கொடுக்காமல் திருத்தப் பார்க்கிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் வருடக்கணக்காக நாள்தோறும் அதிகம் குடித்தவருக்கு இது உயிராபத்து.

ஏன்? மது மூளையின் வேகத்தை அடக்கும். பிரேக்கைப் பிடித்தபடியே சைக்கிள் மிதிப்பவர் இன்னும் உரத்து மிதிப்பது போல, மூளையும் அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மது திடீரென நின்றால் பிரேக் விடுபடுகிறது. வேகம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, நித்திரையின்மை தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலர் ஆளும் இடமும் தெரியாமல் குழம்பி, இல்லாத பூச்சிகளையும் உருவங்களையும் காண்பார்கள். "ஜின் புடிச்சிட்டு" என்று ஓதிப் பார்க்க ஆள் தேடுவது இந்த நேரத்தில்தான். ஓதுவது மனதுக்கு ஆறுதல். ஆனால் வைத்தியம் கிடைக்காவிட்டால் இந்நிலையில் மரணமும் நேரலாம்.

வைத்தியசாலையில் டயசெபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். தயமின் எனும் விற்றமின் பி1 ஊசியும் போடுவார்கள். அது குறைந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். இம்மருந்துகளை வீட்டில் நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. எப்போதாவது கொஞ்சம் குடிப்பவருக்குப் பெரும்பாலும் இந்த ஆபத்து இல்லை. அவர் உடனே நிறுத்தலாம்.

"சகோதரனின் குறையை மறைக்கத்தானே மார்க்கம் சொல்லுது?" என்று கேட்பார்கள். உண்மை. ஆனால் புறம் பேசுதல் ஆகுமாகும் ஆறு சந்தர்ப்பங்களை இமாம் நவவி 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் எண்ணிக் காட்டுகிறார். தவறை மாற்ற உதவி தேடிச் சொல்வது அவற்றில் ஒன்று. ஊருக்குச் சொல்வது வேறு, வைத்தியருக்குச் சொல்வது வேறு.

சென்னையில் செல்வாக்குள்ள டி.டி.கே. குடும்பத்தின் மருமகள் சாந்தி ரங்கநாதன். குடியால் கணவரை இளவயதில் இழந்தவர். மறைக்க எல்லா வசதியும் இருந்தும் அவர் மறைக்கவில்லை. 1980இல் கணவரின் பெயரிலேயே குடிநோய்ச் சிகிச்சை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். குடிப்பவரோடு அவர் குடும்பத்துக்கும் ஆலோசனை தேவை என்பது அங்கு சிகிச்சையின் ஒரு பகுதி.

எங்களுக்கும் தூரமில்லை. கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. அங்கு உளநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயங்குபவர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துக் கதைக்கலாம். நடுக்கமோ வலிப்போ குழப்பமோ கண்டால் மட்டும் தொலைபேசியோடு நிற்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். மறைத்த மானத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம், போன உயிரைத் தேட முடியாது.