முதுகுவலிக்கு உடனே ஸ்கேன் தேவையா?

கீழ்முதுகு வலி என்றதும் வீட்டில் இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, "அசையாமல் படு". மற்றது, "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடு". இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் இரண்டையுமே பெரும்பாலோருக்குப் பரிந்துரைப்பதில்லை.

2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு, வலிக்கு இதுதான் காரணம் என்று ஒரு நோயையோ எலும்பு முறிவையோ சுட்டிக்காட்ட முடிவதில்லை. அத்தகைய வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் தணிகிறது.

அப்படியானால் ஸ்கேனில் 'டிஸ்க் தேய்மானம்' என்று வருகிறதே? முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பல ஆய்வுகள் 2015-இல் தொகுக்கப்பட்டன. அதன்படி 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதானவர்களில் 96 சதவீதம் பேருக்கும் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பது போல இதுவும் வயதோடு வருவதுதான். ஆனால் அறிக்கையைப் படித்த மனிதர் பயந்துபோய்க் குனிவதையும் நடப்பதையும் நிறுத்திவிடுகிறார். அதுவே வலியை நீட்டிக்கிறது.

படுக்கை ஓய்வும் இப்படித்தான். 1986-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் ஒரு பிரிவினரை 2 நாட்களும், மற்றவர்களை 7 நாட்களும் படுத்திருக்கச் சொன்னார்கள். 2 நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு. நீண்ட ஓய்வால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

ஆனால் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, மர்ம உறுப்பு மற்றும் ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, கால்கள் பலமிழப்பது ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் அல்லது காசநோய் வந்திருத்தல், கீழே விழுந்த பின் வந்த வலி, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை போன்றவை இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்கேன் உதவுவது இப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

மற்றவர்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, முடிந்தவரை நடந்து, அன்றாட வேலைகளைத் தொடரலாம். பாரசிட்டமால் மட்டும் போட்டுப் பயனில்லை என்று இங்கிலாந்தின் 2016 வழிகாட்டுதல் சொல்கிறது. மற்ற வலி மாத்திரைகளைக் குறைந்த அளவில் சில நாட்கள் எடுக்கலாம். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ள பெரியவர்களுக்கு மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். 3 மாதங்களைத் தாண்டிய வலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கும் உலக சுகாதார நிறுவனம் (2023), இடுப்பு பெல்ட்டையும் இழுவை சிகிச்சையையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. கடைகளில் விற்பனையாவது என்னவோ பெல்ட்தான்!

தொழுகை பற்றியும் பலர் கேட்கிறார்கள். குனிய முடியாத அளவு வலி இருந்தால் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு. ஆனால் வலி குறைந்த பிறகும் பயத்தினால் நாற்காலியிலேயே இருந்துவிட வேண்டியதில்லை. ருகூவும் சுஜூதும் டிஸ்க்கைக் கெடுத்துவிடாது. மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.